எடை யார் கையில்? கராஜ் கதவும் கடை ஷட்டரும்

2017 அக்டோபர் 8-ஆம் தேதி இரவு வட கலிஃபோர்னியாவில் தீ மூண்டது. பலத்த காற்றில் ஊர் ஊராகப் பரவியது. மின்சாரம் போய்விட்டது. சாண்டா ரோசா பக்கத்து வீடுகளில் கார் நிற்பது கராஜுக்குள். கராஜின் கதவைத் தூக்குவது கூரையில் தொங்கும் ஒரு மோட்டார். கரண்ட் போனதும் மோட்டாரும் நின்றது. கதவைக் கையால் விடுவிக்க முடியாமல், வண்டியை வெளியே எடுக்க முடியாமல் சிலர் உயிரிழந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. அந்த மாநிலம் அடுத்த ஆண்டே ஒரு சட்டம் இயற்றியது. 2019 ஜூலை 1 முதல் வீடுகளுக்கு விற்கும் ஒவ்வொரு கராஜ் கதவு மோட்டாரிலும் பேட்டரி இருக்க வேண்டும், கரண்ட் இல்லாத நேரத்திலும் கதவு திறக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

அந்தச் சட்டம் இயற்றப்பட்ட அதே 2018-இல், நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி உள்மாவட்டங்கள் வழியாகப் போனது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. குடிநீருக்கு ஜெனரேட்டர் வைத்து மோட்டார் ஓட்டினார்கள். செல்போனுக்குச் சார்ஜ் போட ஊர்விட்டு ஊர் போனார்கள். ஆனால் கடை திறக்க முடியவில்லை என்ற பேச்சு மட்டும் அதிகம் எழவில்லை. புதுக்கோட்டைச் சீமையின் கடைத்தெருக்களில் அன்று இருந்தவை பெரும்பாலும் கையால் தூக்கும் ஷட்டர்கள். கொக்கிக் கம்பியை மாட்டி இழுத்தால் இறங்கும், குனிந்து தூக்கினால் ஏறும். அவற்றுக்குக் கரண்டோடு ஒரு தொடர்பும் கிடையாது.

இப்போது தொடர்பு வந்துவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தின் குளத்தூர் வட்டத்தில் புதிதாக எழும்பும் அகலமான கடைகளிலும், நெல்லும் உரமும் அடுக்கும் கிடங்குகளிலும், திருச்சி பெல்லுக்கு உதிரி வேலை செய்யும் மாத்தூர்ப் பக்கத்துப் பட்டறைகளிலும் ஷட்டருக்கு மோட்டார் வைப்பது வழக்கமாகி வருகிறது. ரிமோட்டை அழுத்தினால் ஏறுகிறது. வயதான கடைக்காரருக்கு அது பெரிய நிம்மதி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மோட்டார் நின்றுபோகும் நாளில் என்ன செய்வது என்பதை, கலிஃபோர்னியாக்காரர்கள் அவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட பிறகும், நாம் யோசிக்காமலே மோட்டார் மாட்டிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தூக்குவது, இறக்குவது என்ற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். கரண்ட் போனால் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் ஒன்றல்ல. பழுது பார்ப்பதை எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதும் அதனால் மாறிவிடுகிறது.

முதலில் அமெரிக்கக் கதவு. மேலே தூக்கும் கராஜ் கதவை 1921-இலும், அதைத் தூக்கும் மின்மோட்டாரை 1926-இலும் கொண்டுவந்தவர் சி. ஜி. ஜான்சன் என்பவர். நூறு ஆண்டாகியும் அடிப்படை மாறவில்லை. அகலமான நான்கைந்து பலகைகள் கீல்களால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். ஓரச் சக்கரங்கள் தண்டவாளம் போன்ற தடத்தில் ஏறி, மேலே வளைந்து, கதவு கூரைக்குக் கீழே படுத்துக்கொள்ளும். அந்தக் கதவு நூறு கிலோ இருந்தாலும் அதைத் தூக்குவது மோட்டார் அல்ல. வாசலுக்கு மேலே ஒரு இரும்புத் தண்டில் முறுக்கி வைத்த ஸ்பிரிங்தான் எடையில் பெரும்பங்கைத் தாங்குகிறது. கதவு இறங்க இறங்க ஸ்பிரிங் முறுக்கேறும். ஏற ஏற முறுக்கு அவிழும். சரியாகச் சமன்செய்த கதவைப் பாதி உயரத்தில் நிறுத்திக் கையை எடுத்தால் அங்கேயே நிற்கும். அரைக் குதிரைத்திறன் மோட்டார் போதுமானதாக இருப்பது இதனால்தான். மோட்டார் வெறுமனே தள்ளிவிடுகிறது.

கிணற்றடியில் துலா போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். துலாவின் பின்முனையில் கல்லைக் கட்டியபின் சால் தண்ணீரோடு ஏறுவதற்குக் கையின் பலம் கொஞ்சமே தேவைப்பட்டது. கராஜ் ஸ்பிரிங் அந்தக் கல்.

நம் ஊர்க் கைஷட்டரும் இதே வம்சம்தான். மேலே பெட்டிக்குள் இருக்கும் உருளைக் குழாய்க்குள் ஸ்பிரிங் இருக்கிறது. பட்டைகள் அதன்மேல் சுருண்டு ஏறுகின்றன. புதிதாக மாட்டியபோது ஒரு கையால் ஏறிய ஷட்டர் சில ஆண்டுகளில் இரண்டு பேர் சேர்ந்து தூக்கும்படி ஆகிறதென்றால், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஓரச் சேனலில் செம்மண் புழுதி எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகியிருக்கும்.

மோட்டார் ஷட்டர் வந்தபோது இந்த வம்சம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு வகை, ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு உருளையின் நடுவில் மோட்டாரைப் பொருத்துவது. இதில் எடையை ஸ்பிரிங் தாங்குகிறது, மோட்டார் உதவுகிறது. கராஜ் கதவின் குணம் இதற்கு உண்டு. இன்னொரு வகையில், உருளையின் ஒரு பக்கத்தில் சுவரோடு மோட்டாரை வைத்து, பல்சக்கரமும் செயினும் போட்டு உருளையைச் சுழற்றுகிறார்கள். பக்க மோட்டார் என்று சொல்வது இதைத்தான். 300 கிலோ, 600 கிலோ, 1,000 கிலோ என்று எடைக்கணக்கில் விற்கும் இந்த வகையில் பெரும்பாலும் ஸ்பிரிங்கே கிடையாது. ஷட்டரின் முழு எடையும் கியரிலும் பிரேக்கிலும் தொங்குகிறது. பத்தடிக்குப் பத்தடி இரும்புப் பட்டை ஷட்டர் என்றாலே நூறு கிலோவைத் தாண்டிவிடும். கிடங்கு வாசல் என்றால் அதற்கு இரண்டு, மூன்று மடங்கு.

இந்த வித்தியாசத்தைத்தான் வாங்குகிறவர்கள் கேட்பதில்லை. விலை, ரிமோட், வாரண்டி எல்லாம் கேட்கிறார்கள். கரண்ட் இல்லாதபோது எடையைத் தாங்குவது எது என்று கேட்பவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். பழுது வரும் நாளில் முதலில் பதில் வேண்டியிருப்பதோ அந்தக் கேள்விக்குத்தான்.

மோட்டார் வேலை செய்யவில்லை என்று சொல்வதில் இரண்டு நிலைமைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, அழுத்தினால் சத்தமே இல்லை. மற்றது, உறுமுகிறது, கொஞ்சம் ஏறுகிறது, பாதியில் திணறி நிற்கிறது. அமெரிக்க வீட்டுக்காரருக்கு முதலாவதுதான் அடிக்கடி வரும். குளத்தூர்க்காரருக்கு இரண்டாவது.

காரணம் கம்பியின் நீளத்தில் இருக்கிறது. அமெரிக்கக் குடியிருப்புகளில் ஒரு சிறிய ட்ரான்ஸ்பார்மர் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சிலவற்றுக்கு மட்டும் மின்சாரம் தரும். கம்பி கொஞ்ச தூரம்தான் ஓடுகிறது, வழியில் வோல்டேஜ் அதிகம் குறைவதில்லை. நம் கிராமங்களில் ஒரு ட்ரான்ஸ்பார்மரிலிருந்து தாழ்வழுத்தக் கம்பி தெருத்தெருவாக, தோட்டம் தோட்டமாக நீண்டு போகிறது. வழியில் எத்தனையோ வீடுகள், எத்தனையோ பம்புசெட்டுகள். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட்டுப் பழகிய பூமி இது. எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடத் தொடங்கினால் கடைசிக் கம்பத்து வீட்டில் ட்யூப்லைட் மினுக்கும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் மிக்சியும் ஓடும் நேரத்திலும் அதே கதை. அது கடை சாத்தும் நேரமும்கூட.

230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் என்ன ஆகும்? பல்பு மங்கலாக எரியும், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். மோட்டாருக்குக் கணக்கு வேறு. இங்கே மாட்டும் ஏ.சி. மோட்டாரின் திருகுவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. 180-ஐ 230-ஆல் வகுத்து அதன் வர்க்கம் எடுத்தால் ஏறக்குறைய 0.61. வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் இழுக்கும் பலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. 160 வோல்ட் என்றால் பாதிப் பலம்கூட இல்லை. ஸ்பிரிங் தாங்கும் கதவுக்கு இது ஒரு பொருட்டல்ல. பாதிப் பலத்திலும் அது ஏறிவிடும். முழு எடையையும் சுமக்கும் பக்க மோட்டாருக்கு இதுதான் பெரிய அடி. மோட்டார் உறுமும், சூடாகும், உள்ளே இருக்கும் வெப்பத் துண்டிப்பான் வேலை செய்து நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஓடும். இந்தக் கடைசிப் பகுதிதான் ஆளைக் குழப்புகிறது. மெக்கானிக் வந்து பார்க்கும்போது ஷட்டர் ஒழுங்காக ஏறி இறங்குகிறது. அவர் போன மறுநாள் சாயங்காலம் பழைய குருடி கதவைத் திறடி.

அனுபவமுள்ள மெக்கானிக் போனிலேயே இதைப் பிடித்துவிடுவார். "தம்பி, மோட்டார் செத்துப்போச்சுப்பா" என்று கடைக்காரர் சொன்னால், "அண்ணே, லைட்டு நல்லா எரியுதா, மங்கலா எரியுதா? பட்டனை அமுக்குறப்ப இன்னும் மங்குதா?" என்று கேட்பார். அந்தக் கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. மோட்டார் நிற்கும்போது 215 வோல்ட் காட்டும் மீட்டர், அது இழுக்கத் தொடங்கும் நொடியில் 175 காட்டலாம். சும்மா இருக்கும் பிளக்கில் அளந்து பார்த்துவிட்டுக் கரண்ட் சரியாக இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. பட்டனை அழுத்தியபடியே, மோட்டாரின் முனையிலேயே அளக்க வேண்டும்.

அப்படி விழும் வோல்டேஜுக்கு இ.பி. மட்டுமே காரணமென்று சொல்லவும் முடியாது. மெயின் போர்டிலிருந்து ஷட்டர் மோட்டார் முப்பது மீட்டர் தள்ளி இருக்கிறது, விளக்குக்கு இழுத்த 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியிலேயே மோட்டாரையும் கோத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். தொடக்கத்தில் 15 ஆம்பியர் இழுத்தால் போக வரக் கம்பியிலேயே 11 வோல்ட் கரைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாக இருந்தால் இழப்பு 7 வோல்ட்டுக்குள் அடங்கும். தளர்ந்த ஒரு திருகு, கருகிய ஒரு முறுக்கு இணைப்பு இதைவிட அதிகம் தின்னும். மோட்டாருக்கென்று தனிக் கம்பி, தனி எம்.சி.பி. என்பது செலவு பிடித்த ஆடம்பரமல்ல. புது மோட்டார் விலையில் சிறு பகுதி.

கெபாசிட்டர் அடுத்தது. ஒற்றை முனை மோட்டார் தானாகச் சுழலத் தொடங்க அதுதான் உந்துதல். வெயிலின் சூடு அதன் ஆயுளைக் குறைக்கும். வோல்டேஜ் சரியாக இருந்தும், பட்டன் அழுத்தினால் உறுமல் மட்டும் வந்து தண்டு திரும்பவில்லை என்றால் சந்தேகம் இதன்மேல்தான் போக வேண்டும். மீட்டரில் மைக்ரோபாரட் அளந்து, மேலே அச்சிட்ட எண்ணைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடலாம். சில நூறு ரூபாயில் முடியும் வேலை. இதைப் பார்க்காமல் மோட்டாரையே கழற்றிக் காயில் கட்டக் கொடுப்பது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் வீண்செலவு. கெபாசிட்டரைத் தொடும் முன் மெயினை அணைத்து, அதில் தேங்கிய மின்சாரத்தை வடித்துவிட வேண்டும்; அணைத்த பிறகும் அது அடிக்கும்.

சத்தமே இல்லாத பழுதுக்கு வருவோம். அமெரிக்கக் கராஜில் இது பெரும்பாலும் எளிய காரணத்தில் முடியும். அந்த நாட்டு மின் விதிகள் 2008-இல் கராஜின் எல்லாப் பிளக்குகளுக்கும், கூரையில் மோட்டாருக்கு வைத்த பிளக்குக்கும்கூட, கசிவு கண்டு துண்டிக்கும் பாதுகாப்பைக் கட்டாயமாக்கின. கராஜின் வேறொரு மூலையிலோ வெளிச்சுவரிலோ ஈரம் பட்டுக் கசிவு ஏற்பட்டால்கூட, ஒரே தொடரில் இருக்கும் மோட்டாரின் பிளக்கும் செத்துப்போகும். வீட்டுக்காரர் மோட்டாரைச் சந்தேகிப்பார். ரீசெட் பொத்தான் சுவரின் மறுபக்கம் இருக்கும். அந்தப் பிளக்கில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பார்ப்பது அங்கே முதல் சோதனை. விளக்கு எரிந்தால், அடுத்து சுவர்ப் பொத்தானில் பூட்டு நிலை போட்டிருக்கிறதா, ரிமோட் பேட்டரி தீர்ந்ததா, இடிமின்னலில் மோட்டாரின் சர்க்யூட் போர்டு கருகியதா என்று போகும்.

குளத்தூரில் சத்தமில்லாத ஷட்டருக்கு முன் நிற்பவர் தெருவிலிருந்து உள்ளே வர வேண்டும். பக்கத்துக் கடையில் கரண்ட் இருக்கிறதா? இருந்தால் அடுத்து நம் மெயின், எம்.சி.பி., கசிவு கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்த வட்டத்துக் கீரனூரைச் சுற்றிப் பாறையும் செம்மண்ணும் கலந்த வறண்ட மேட்டு நிலம்; நார்த்தாமலைக் குன்றுகளைப் பார்த்தாலே தரையின் இயல்பு தெரியும். இங்கே எர்த் குழிக்கு உப்பும் கரியும் போட்டு மூடிவிட்டு மறந்தால் கோடையில் மண் காய்ந்து எர்த் பேருக்குத்தான் இருக்கும். இரும்பு ஷட்டர், இரும்புச் சேனல், ஈரக் கையோடு வந்து தொடும் வாடிக்கையாளர். எர்த் சரியாக இருப்பதும் ஆர்.சி.சி.பி. வேலை செய்வதும் இங்கே உயிர்ப் பிரச்சினை. ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று எரிச்சலில் அதைக் கழற்றிவிட்டு நேராகக் கோப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. விழுகிறதென்றால் கசிவு இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் பல்லியோ எறும்புப் புற்றோ இருக்கலாம், மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம்; தேடிப் பிடிக்க வேண்டும்.

மும்முனை மோட்டார் வைத்த கிடங்குகளில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க வீடுகளில் மும்முனை இணைப்பே அபூர்வம் என்பதால் அவர்கள் இதை அறியமாட்டார்கள். கம்பத்தில் ஒரு பியூஸ் போனால் மூன்றில் ஒரு முனை இல்லாமல் மோட்டார் உறுமி நிற்கும். அழுத்திக்கொண்டே இருந்தால் காயில் எரியும். அதைவிட ஆபத்தானது முனைகள் இடம் மாறுவது. புயலோ மரமோ கம்பியை அறுத்து, லைன்மேன் மறுபடி இழுத்துக் கட்டும்போது இரண்டு முனைகள் இடம் மாறிவிட்டால் பம்புசெட் தலைகீழாகச் சுற்றும், தண்ணீர் வராது. விவசாயிக்கு உடனே தெரிந்துவிடும். ஷட்டரில் என்ன ஆகும்? ஏற்றும் பட்டனை அழுத்தினால் இறங்கும். ஏறும் திசைக்கு மேலே வைத்த நிறுத்தும் சுவிட்ச் இறங்கும்போது வேலை செய்யாது. ஷட்டர் தரையைத் தொட்ட பிறகும் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். பட்டைகள் பெட்டிக்குள் மடிந்து, எதிர்ப்பக்கமாகச் சுருண்டு நசுங்கும். முனை மாறினால் மோட்டாரை ஓடவிடாத சிறிய ரிலே ஒன்று உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டியில் அது இல்லையென்றால், கம்பத்தில் வேலை நடந்த மறுநாள் ஷட்டரை ஒரு சாண் மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் முழுதும் ஏற்ற வேண்டும்.

இனி, கரண்ட் வரவே வராது என்று தெரிந்த நேரம். கராஜ் கதவில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். இழுத்தால் மோட்டாரின் செயினிலிருந்து கதவு விடுபட்டுவிடும். ஸ்பிரிங் எடையைத் தாங்கிக்கொள்ள, கையால் தூக்கலாம். ஆனால் ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால்தான் இது உண்மை. சாதாரண ஸ்பிரிங்குக்கு 10,000 முறை ஏறி இறங்குவது ஆயுள் என்று கணக்கு. நாளுக்கு நான்கு முறை என்றால் ஏழு ஆண்டு. அதற்குமேல் எப்போது வேண்டுமானாலும் உடையும். உடைந்தது தெரியாமல், கதவு மேலே நிற்கும்போது கயிற்றை இழுத்தால் நூறு கிலோவும் ஒரே வீச்சில் கீழே வரும். அதனால் கதவு மூடியிருக்கும்போதுதான் இழுக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த ஸ்பிரிங்கை வீட்டுக்காரர் கையால் தொடக்கூடாது என்பதும் சேர்த்துத்தான்.

பக்க மோட்டாருக்குக் கயிறு கிடையாது, கைச்செயின் உண்டு. ஸ்பிரிங் இல்லாத எடையை கியரின் உதவியால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். கராஜ் கதவை ஒரே மூச்சில் தூக்கிவிடலாம். இங்கே செயினைக் கை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஷட்டர் விரல் விரலாக ஏறும். வயதானவரால் முடியுமா என்பதை வாங்கும்போதே இழுத்துப் பார்த்துவிட வேண்டும். சில மோட்டார்களில் பிரேக்கை விடுவிக்கும் நெம்புகோலும் இருக்கும். அது இறக்குவதற்கு மட்டும். கீழே ஆள் நிற்கும்போது அதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஷட்டரைத் தாங்கிப் பிடித்திருப்பது அந்தப் பிரேக் ஒன்றுதான்.

கீழே நிற்பவர் என்றதும் குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்கள். அமெரிக்காவில் கராஜ் கதவில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்கள் எல்லாவற்றிலும் சிக்குவதைத் தடுக்கும் கூடுதல் பாதுகாப்பு கட்டாயமானது. தரைக்கு அரையடி உயரத்தில் இருபக்கமும் வைக்கும் ஒளிக்கண் அப்படி வந்ததுதான். நடுவில் எதுவும் மறித்தால் இறங்கும் கதவு திரும்பி ஏறிவிடும். நம் ஊரில் மாட்டும் ஷட்டர் மோட்டார்களில் இதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ரிமோட்டை ஒருமுறை அழுத்திவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. கண் வைக்க முடியாதென்றால், அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் இறங்கும்படியாவது இணைத்துத் தரச் சொல்லலாம். அதற்குக் கூடுதல் சாமான் எதுவும் வேண்டாம்.

பேட்டரிக்கு வருகிறேன். கலிஃபோர்னியாச் சட்டம் சொன்ன பேட்டரி வேலை செய்வதற்குக் காரணமும் அந்த ஸ்பிரிங்தான். எடை சமனாகிவிட்டதால் சிறிய டி.சி. மோட்டார் போதும், அதற்குக் கைக்கடக்கமான பேட்டரி போதும். இதைப் பார்த்துவிட்டு இங்கே வீட்டு இன்வெர்ட்டரில் பக்க மோட்டாரைக் கோக்கிறார்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். விசிறிக்கும் விளக்குக்கும் வாங்கிய இன்வெர்ட்டர் ஓவர்லோட் காட்டி நிற்கும். சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் மோட்டார் வீணாகச் சூடேறும். இன்வெர்ட்டரில்தான் ஓட வேண்டுமென்றால் ஸ்பிரிங்கோடு கூடிய ஷட்டரும் 24 வோல்ட் டி.சி. மோட்டாரும் சேர்ந்த அமைப்பை முதலிலேயே வாங்க வேண்டும். அப்போதும் பேட்டரியைத் தகரக் கூரைக்கு அடியில், ஷட்டர் பெட்டியை ஒட்டி வைக்கக்கூடாது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஈய அமிலப் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. புதுக்கோட்டைச் சித்திரை வெயிலில் கூரைக்கு அடியில் அது எத்தனை பத்து என்று நினைத்துப் பாருங்கள்.

எனக்கு எது மேல் என்று கேட்டால், பத்துப் பன்னிரண்டு அடி அகலம்வரையுள்ள கடைக்கு நல்ல ஸ்பிரிங் ஷட்டரே போதும் என்பேன். மோட்டார் வேண்டுமென்றாலும் ஸ்பிரிங்கை விட்டுவிடாமல் நடு மோட்டார். பக்க மோட்டார் கிடங்குக்கும் பட்டறைக்கும் உரியது. அங்கே இழுக்க ஆளும் இருக்கும், கூப்பிட்டால் வரும் எலக்ட்ரீஷியனும் இருப்பார். 2012-ஐ ஒட்டி நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கடை நடத்தியவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள். இப்போது நிலைமை வெகுவாக மேம்பட்டிருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலைவரை மின்தடை என்று பேப்பரில் வரும் நாள் இன்றும் உண்டு, மழைக்காலமும் வருடந்தோறும் வரும்.

இரண்டு கதவுகளையும் ஒப்பிடும்போது எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று. கராஜுக்கு உள்ளே போக வேறு வாசல் இல்லாத வீடுகளில், அமெரிக்கர்கள் கதவின் மேற்பகுதியில் வெளியிலிருந்து திறக்கும் ஒரு சிறு சாவிப்பூட்டு வைக்கிறார்கள். சாவியைத் திருகிப் பூட்டை உருவினால் அதோடு ஒரு கம்பி வரும். அதை இழுத்தால் உள்ளே சிவப்புக் கயிற்றை இழுத்ததற்குச் சமம். நம் கடைகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்க ஷட்டர்தான் ஒரே வாசல், பின்கதவு கிடையாது. கைச்செயின் தொங்குவதோ கடைக்கு உள்ளே. காலையில் கரண்ட் இல்லை என்றால் கடைக்காரர் வெளியே நிற்பார், கதவைத் திறக்கும் செயின் மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும். அது மருந்துக்கடையாக இருந்து, யாராவது இன்சுலினுக்காகக் காத்து நின்றால்? இதற்குத் தீர்வு கடினமில்லை. செயினை வெளிச்சுவரில் பூட்டுப் பெட்டிக்குள் வரும்படி இறக்கலாம், மோட்டார் வகை இடம் கொடுத்தால் வெளியிலிருந்து சுற்றும் கைப்பிடி வைக்கலாம், ஷட்டரிலேயே ஆள் நுழையும் சிறு கதவு வெட்டி வைக்கச் சொல்லலாம். ஷட்டர் பட்டறையில் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் செலவு குறைவு. மாட்டிய பிறகு என்றால் பட்டைகளை இறக்கி ஏற்ற வேண்டும். மாட்டி முடித்த அன்று, மெக்கானிக் கிளம்பும் முன், மெயினை அணைத்துவிட்டு வெளியே நின்று ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள். அவர் திறந்து காட்டிய பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.